முக்காலியில் உட்காரும் மருத்துவர்

பஞ்சாலையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரமான நெஞ்சு இறுக்கம் வருவதுண்டு. வாரம் முழுக்க இருக்காது. விடுப்பு முடிந்து மில்லுக்குத் திரும்பும் முதல் நாள், வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். மறுநாள் தணிந்துவிடும். அடுத்த விடுப்பு முடியும்வரை ஆள் தேவலை. பருத்தித் தூசியோடு கலந்திருக்கும் பாக்டீரியா நச்சு மூச்சுக்குழாய்களைச் சுருங்க வைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம். பிஸினோசிஸ் என்பது நோயின் பெயர். நெஞ்சு எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் விழாது. மூச்சை அளக்கும் கருவிகூட, இறுக்கம் இல்லாத நாளில் ஊதச் சொன்னால் ஆரம்ப நிலையைத் தவறவிடலாம். கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு கேள்விதான்: "எந்தெந்த நாள்ல இறுக்குது?"

1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் இந்த நோயை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், நோயின் படிநிலைகளையே தொழிலாளர்கள் சொன்ன பதில்களை வைத்து வகுத்தார். முதல் நாளில் எப்போதாவது இறுகினால் அரைப்படி. ஒவ்வொரு வாரமும் முதல் நாளில் இறுகினால் ஒன்று. மற்ற நாட்களிலும் தொடர்ந்தால் இரண்டு. நிரந்தர மூச்சுத்திணறலாகவே மாறிவிட்டால் மூன்று. நோயாளியின் வாய்ச்சொல்லே அளவுகோலாக ஆனது. அறிவியல் என்றால் கருவியும் ரசாயனமும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்து அருப்புக்கோட்டையைச் சுற்றியும் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் உண்டு. பக்கத்துக் கிராமங்களிலிருந்து மில் வேன் ஏறிப் போய்வருபவர்கள் உண்டு. புத்தகத்தில் இதைத் திங்கட்கிழமை நோய் என்று போட்டிருக்கும். ஞாயிறு விடுமுறை விட்ட ஐரோப்பிய ஆலைகளில் பிறந்த பெயர் அது. நம் ஊரில் ராத்திரி பகலாக ஓடும் மில்லில் ஆளுக்கொரு நாள் வார விடுப்பு. படித்ததை அப்படியே நம்பி "திங்கக்கிழமை இறுக்குமா?" என்று மருத்துவர் கேட்டால், "இல்லையே சார்" என்று பதில் வரும், அதோடு விஷயம் முடிந்துவிடும். "லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் நோய் பிடிபட வாய்ப்புண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்க, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வாரம் எப்படி நகர்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதை முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்தார். இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் நோய்கள் பற்றிய தன் நூலை 1700இல் மொதெனா நகரில் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார்: என்ன வேலை பார்க்கிறாய்? அதே இடத்தில் அவர் சொன்ன மற்றொன்றைப் பலரும் மறந்துவிட்டார்கள். ஏழைத் தொழிலாளி வீட்டுக்குப் போகும் மருத்துவர், நாடியைப் பிடித்த கையோடு மருந்து சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. தங்க நாற்காலி கிடைக்காவிட்டாலும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நேரம் எடுத்து விசாரிக்க வேண்டும் என்றார். வேலையைக் கேள், உட்கார்ந்து கேள். இந்த இரண்டில் எவ்வளவு மருத்துவம் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கின்றன.

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் அடுத்த வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் நூறு நாள் வேலை, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, மில், பட்டாசு, அதுவும் இல்லையென்றால் திருப்பூர். உடம்புக்கு முடியாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர்களுக்கு அங்கே கிடைக்கும் பரிசோதனைகள் குறைவு. ஸ்கேன் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. ஆகவே இங்கே மருத்துவரிடம் இருக்கும் கருவிகளிலேயே வலுவானது அவர் காது என்பேன். அழகுக்காகச் சொல்லவில்லை. 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புதிதாக வந்த 80 புறநோயாளிகளில், அவர்கள் சொன்ன வரலாற்றை மட்டும் கேட்டு எட்டிய முடிவு 66 பேருக்குக் கடைசிவரை சரியாக நின்றது. உடலைத் தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வகப் பரிசோதனையால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. அதன்பிறகு ஸ்கேன்கள் பெருகி இந்த விகிதம் மாறியிருக்கலாம். ஸ்கேன் எட்டாத ஊருக்கு 1975 இன்னும் அவ்வளவு பழசாகிவிடவில்லை.

ஆனால் சொல்ல விட்டால்தானே வரலாறு வரும்? 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார். நாலில் ஒருவர்கூடத் தன் குறையை முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. இடைமறித்தால் என்ன கெடுதல்? முதலில் சொல்லும் குறைதான் முக்கியமான குறை என்ற நம்பிக்கையில் மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டு போகிறார். வந்தவரோ சொல்லக் கூச்சப்படும் விஷயத்தை மூன்றாவதாக வைத்திருப்பார். "கை கால் உளைச்சல்" என்று ஆரம்பிக்கும் பாட்டி, எழுந்து போகிறபோது வாசலில் நின்று, "ரெண்டு நாளா மலத்துல ரத்தம் போகுதும்மா" என்பார். அதற்குள் அடுத்த சீட்டு மேசைக்கு வந்திருக்கும்.

விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே, வெளியே இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற பயம் நியாயமானதுதான். 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் ஆரம்ப மருத்துவரிடம் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 நிமிடம். ஸ்வீடனில் 20 நிமிடத்துக்கும் மேல். ஆனால் அந்தப் பயத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கிடக் கூடாது என்று மருத்துவர்களைப் பழக்கிவிட்டு, நோயாளிகளுக்குத் தெரியாமல் நேரத்தைக் குறித்தார்கள். 335 நோயாளிகள். சராசரியாக அவர்கள் பேசியது 92 விநாடி. ஐந்தில் நாலு பேர் 2 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். 5 நிமிடத்தைத் தாண்டியவர்கள் 7 பேர்தான், அவர்கள் சொன்னதும் தேவையான விஷயம் என்றே மருத்துவர்கள் கருதினார்கள். 2002இல் வந்த கணக்கு இது. கரிசல் காட்டுப் பெரியவர் பாசல்காரரைவிட இரண்டு வார்த்தை கூடப் பேசக்கூடும். இருந்தாலும் அவர் பொழுது சாயும்வரை பேசுவார் என்பது நம் பயம் போட்ட கணக்கு.

அடுத்தது முக்காலி. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், அறுவை முடிந்து படுத்திருந்த 120 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேரிடம் மருத்துவர் நின்றபடி பேசினார். பாதிப் பேரிடம் உட்கார்ந்து. பிறகு, "டாக்டர் எவ்வளவு நேரம் இருந்தார்?" என்று கேட்டார்கள். நின்று பேசிய சராசரி நேரம் 1 நிமிடம் 28 விநாடி, நோயாளிகள் மதிப்பிட்டது 3 நிமிடம் 44 விநாடி. உட்கார்ந்து பேசியது அதைவிடக் குறைவு, 1 நிமிடம் 4 விநாடிதான். நோயாளிகள் மதிப்பிட்டதோ 5 நிமிடம் 14 விநாடி! ராமஸ்ஸினி காரணமில்லாமல் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் எப்போதும் நாற்காலியில்தான் இருக்கிறார். அங்கே கேட்க வேண்டியது எதிர்க்கேள்வி: நோயாளி உட்கார ஸ்டூல் இருக்கிறதா, உட்கார விடுகிறோமா?

இதெல்லாம் மனசுக்கு இதம், உடம்புக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பில் நடப்பதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைக்கும் பகுதி. 1964இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவர், வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 97 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திடம் முந்தின நாள் இரவே போய், எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், வலித்தால் எப்படித் தசையைத் தளர்த்த வேண்டும், எப்படிப் புரண்டு படுக்க வேண்டும் என்று விளக்கினார். மறு கூட்டத்துக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யார் எந்தக் கூட்டம் என்பது அறுவை செய்தவர்களுக்குத் தெரியாது. விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநீக்கி ஏறக்குறையப் பாதிதான். வீட்டுக்கும் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே அனுப்ப முடிந்தது.

இது எப்படி நடக்கிறது? வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குப் போகும் ஒருவழித் தந்தியல்ல. மூளையும் கீழ்நோக்கி ஆணை அனுப்புகிறது. தண்டுவடத்திலேயே வலியின் வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும். அதற்காக உடம்பே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. 1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் பல் பிடுங்கியவர்களிடம் நடத்திய சோதனையில், மருந்தே இல்லாத ஊசியால் வலி குறைந்தவர்களுக்கு நலாக்ஸோன் கொடுத்தபோது வலி திரும்பி ஏறியது. நலாக்ஸோன் அபினின் வேலையைத் தடுக்கும் மருந்து. அப்படியானால் அந்த நிவாரணம் வெறும் பிரமை இல்லை. உண்மையான வேதிப்பொருள் வேலை செய்திருக்கிறது. இத்தாலியின் தூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனெதெத்தி இன்னொரு பக்கமிருந்து இதையே காட்டினார். ஒரே வலிமருந்தை, நோயாளி பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் ஒரு பலன். அவருக்குத் தெரியாமல் இயந்திரம் செலுத்தினால் அதைவிடக் குறைந்த பலன். மருந்து அதேதான். சொல்லிக் கொடுத்தால் உடம்பும் சேர்ந்து உழைக்கிறது.

2008இல் டெட் கேப்சக் குழுவினர் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் செய்த சோதனை இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது. காத்திருப்போர் பட்டியலில் மட்டும் இருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்தது. குத்தாத போலி அக்குபங்சர் ஊசி முகம் கொடுக்காமல் வைக்கப்பட்டவர்களிடம் 44. அதே போலி ஊசியோடு, பரிவாக உட்கார்ந்து கேட்கும் பேச்சும் கிடைத்தவர்களிடம் 62. நாற்பத்து நாலுக்கும் அறுபத்து இரண்டுக்கும் நடுவில் இருப்பது மனிதர் மட்டுமே.

கெட்ட சொல்லுக்கும் இதே வலு உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிரசவத்துக்கு முன் முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும்போது, பாதிப் பெண்களிடம் "பெரிய தேனீ கொட்டினது மாதிரி இருக்கும், இதுதான் இருக்கிறதிலேயே மோசமான கட்டம்" என்ற தோரணையில் சொன்னார்கள். மீதிப் பேரிடம் "இடத்தை மரத்துப்போகச் செய்யப்போகிறோம், உங்களுக்குச் சிரமம் இருக்காது" என்றார்கள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டபோது முதல் கூட்டத்தின் நடுமதிப்பு 5, இரண்டாவதில் 3. புதன்கிழமை தடுப்பூசி நாளில் "எறும்பு கடிச்ச மாதிரிதான் தங்கம், அவ்வளவுதான்" என்று சொல்லும் நம் செவிலியர் அக்காக்கள் தேனீயை எறும்பாகச் சுருக்கியதே பெரிய காரியம்.

இதைப் படித்துவிட்டு, "ஊசி போடுங்கம்மா, மாத்திரைல கேக்காது" என்று வருபவர்களுக்கெல்லாம் சத்து ஊசி போட்டு அனுப்பலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கேப்சக்கின் ஊசி குத்தவே இல்லை. அங்கே ஆளைத் தேற்றியது பேச்சு; அதற்கு ஊசி வேண்டியதில்லை. பரிவு கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது. ஆனால் கட்டியைச் சொல்ல வைப்பதும், கிருமிக்கான மாத்திரையை ஆறு மாதம் விடாமல் விழுங்க வைப்பதும் அதுதான்.

மாத்திரை என்றதும் சர்க்கரை நோய்க்கு வந்துதான் ஆக வேண்டும். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது, நினைவிருப்பதிலும் ஏறக்குறையப் பாதி தவறாகவே பதிகிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. படித்தவருக்கும் இதே கதிதான். பதற்றத்தில் இருக்கும் மனம் நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த அறிவுரையை நழுவ விடுகிறது. ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி இது ஒண்ணு, அப்புறம் உடனே சாப்பிட்டுடணும்" என்று சொல்லிச் சீட்டு கொடுக்கிறார்கள். அந்த அம்மா விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் டீயோடு நூறு நாள் வேலைக்குப் போகிறார். தூக்குவாளியைத் திறக்கப் பதினொரு மணி ஆகிவிடும். கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஒன்பதரை மணிக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கிறுகிறுவென்று வரும். பங்குனி சித்திரையில் கரிசல் காட்டில் யாருக்குத்தான் கிறுகிறுக்காது? "வெயில் மயக்கம்" என்று மர நிழலில் உட்கார வைப்பார்கள். இது தாழ்சர்க்கரை, உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் தப்பித்துவிட்டால், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார். அடுத்த முறை மருத்துவர், "ஒழுங்கா மாத்திரை போடுறதே இல்ல" என்று சத்தம் போடுவார்.

இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க இரண்டு கேள்விகள் போதும். மாத்திரை எழுதுமுன், "காலையில எத்தனை மணிக்குக்கா சாப்பிடுவீங்க, எங்க வச்சு?" எழுதியபின், "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போயி இதை எப்படிப் போடுவீங்க, ஒருதடவை சொல்லுங்க." இந்த இரண்டாவது கேள்வியில் ஒரு நயம் இருக்கிறது. தேர்வு மருத்துவரின் பேச்சுக்குத்தான். நோயாளியின் மூளைக்கு இல்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாதவரும் தலையாட்டுவார். 2003இல் சான் பிரான்சிஸ்கோவில், படிப்பறிவு குறைந்த சர்க்கரை நோயாளிகளிடம் ஷில்லிங்கர் குழு நடத்திய ஆய்வில், மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதத்தை மட்டுமே திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார்கள். அப்படிச் சரிபார்க்கப்பட்டவர்களிடம் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. அதற்காகச் சந்திப்பு நீளவும் இல்லை.

கேள்வி சரியாக இருந்தும் இடம் தப்பாகிப் போவதுண்டு. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்று பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். நீர்க்கடுப்பு வரும். வெள்ளைப்படுதல் தொல்லையும் சிலருக்கு உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர் மூன்று பேர் சீட்டோடு நிற்கும்போது மருத்துவர் சத்தமாகக் கேட்டால், எந்தப் பெண்ணும் "இல்லை" என்றுதான் சொல்வார். இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். ஒரு திரைச்சீலை, அல்லது "நீங்க ஊசி ரூமுக்கு வாங்கம்மா, அங்க பேசிக்கலாம்" என்று அழைக்கும் செவிலியர். செலவு அவ்வளவுதான்.

இந்தக் கரிசல் மண்ணிலேயே பிறந்த ஒருவர் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை எவ்வளவு சுருக்கமாக, மலிவாக நடந்தாலும் ஜனங்கள் வருவதில்லை என்பது அவர்கள் விரைவில் கண்டுகொண்ட உண்மை. 1991இல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களில் எட்டு விதமான அணுகுமுறைகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று, ஏற்கெனவே கண் அறுவை செய்துகொண்ட ஒருவரையே வீடு வீடாகப் போய்ப் பேச வைப்பது. பஸ் கட்டணம், சாப்பாடு உட்பட முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் அதிகம் பேர் அறுவைக்கு வந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. நல்ல பேச்சு பஸ் காசுக்கு மாற்றல்ல. அரவிந்தில் ஆலோசகர் என்றே தனிப் பணி இருக்கிறது. என்ன செய்யப்போகிறார்கள், எத்தனை நாள், செலவு எவ்வளவு, வலிக்குமா என்று நோயாளியோடும் கூட வந்தவரோடும் உட்கார்ந்து பேசுவதே அவர்கள் வேலை. மருத்துவரின் நேரம் போதாதென்றால் பேச்சையே கைவிட வேண்டியதில்லை, பேசத் தெரிந்த இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது.

தமிழ்நாட்டு அரசிடம் அப்படி ஒரு படையே இப்போது இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தத் திட்டம் 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. ராமஸ்ஸினி சொன்ன முக்காலி இவர்களுக்குத் திண்ணையிலேயே கிடைத்துவிடுகிறது. அதே ஊர்க்காரி, அத்தை, மதினி, சின்னம்மா என்று முறை சொல்லிப் பேசுகிறவர். பிரிக்காத மாத்திரை அட்டைகள் டிரங்குப் பெட்டியில் கிடப்பது இவர் கண்ணில் படும். கிட்னி போயிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதும், மகன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பாததால் ஒருவேளைச் சோறு குறைந்ததும் இவர் காதில் விழும். மேசைக்கு எதிரே 2 நிமிடம் நிற்கும் நோயாளி இதையெல்லாம் சொல்லப் போவதில்லை.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசும் பயிற்சியும் கட்டாயமாகிவிட்டது. நல்லது. வருகிற இளம் மருத்துவர்களில் சிலர் இந்த வட்டாரத்துக்குப் பணிக்கு வரத்தான் செய்வார்கள். "மதமதன்னு இருக்கு", "மேலுக்கு முடியலை" என்பதையெல்லாம் வெளிமாவட்டத்திலிருந்து வருபவர் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை அவருக்கு வழிகாட்டக்கூடியவர் அந்தத் தன்னார்வலர்தான். ரத்தக் கொதிப்பு இத்தனை, சர்க்கரை இத்தனை என்று எண்களைக் குறிப்பதோடு, அந்த வீட்டில் கேட்டதையும் அவர் இரண்டு வரி எழுதலாம்: எப்போது சாப்பிடுகிறார், என்ன வேலைக்குப் போகிறார், மாத்திரையை ஏன் விட்டார். மாதத்துக்கு ஒரு மதியம் மருத்துவரும் தன்னார்வலர்களும் உட்கார்ந்து அந்த வரிகளைப் படிக்கலாம். இதற்குப் புதுக் கருவி, புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. நாளைக்கே எம்.ரெட்டியபட்டியில் தொடங்கலாம்.